காமம் பாவமா, இயல்பா? கிறிஸ்தவத்தின் பதிலை வடிவமைத்த அகஸ்டினின் கதை

உடம்பு விரும்புவது தப்பா? கல்யாணத்துக்குள் வந்துவிட்டால் அதே விருப்பம் சரியாகிவிடுமா? மனதில் வந்துபோன ஓர் எண்ணத்துக்கும் கணக்கு உண்டா? சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவர் என்றால், இந்தக் கேள்விகள் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இல்லாவிட்டாலும், 'இச்சை' என்ற சொல்லைப் பிரசங்கங்களில் எங்காவது கேட்டிருப்பீர்கள்.

மேற்குலகக் கிறிஸ்தவம் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லிவரும் பதிலில் ஒரு பெரிய பங்கு ஒரே மனிதருடையது. அவர் பெயர் அகஸ்டின். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் புனித அகுஸ்தினார். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன், இன்றைய அல்ஜீரியாவில் வாழ்ந்தவர். காமத்தைத் தூரத்தில் நின்று கண்டித்தவர் இல்லை. அதோடு பாதி வாழ்க்கை போராடியவர், அதை எழுதியும் வைத்தவர். அதனால்தான் அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்ந்த கதை தேவைப்படுகிறது.

யார் இந்த அகஸ்டின்?

கி.பி. 354 நவம்பர் 13-ஆம் தேதி, ரோமப் பேரரசின் ஆப்பிரிக்க மாகாணத்தில் தகாஸ்தே என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊரின் பெயர் சூக் அஹ்ராஸ். அப்பா பத்ரீசியுஸ் பழைய ரோமத் தெய்வங்களை வணங்கியவர். அம்மா மோனிக்கா உறுதியான கிறிஸ்தவர். பெரிய வசதி இல்லாத நடுத்தரக் குடும்பம். பையன் படிப்பில் கெட்டி. அவனை எப்படியாவது படிக்கவைத்து மேலே கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

16 வயதில் பணம் இல்லாமல் படிப்பு ஓர் ஆண்டு நின்றது. வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில், பொதுக் குளியல் கூடத்தில் மகன் வயதுக்கு வந்துவிட்டதை அப்பா கவனித்தார். பேரக் குழந்தைகள் வரப்போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் மனைவியிடம் போய்ச் சொன்னார். மோனிக்காவுக்கோ பயம் பிடித்துக்கொண்டது. மகனைத் தனியே கூப்பிட்டு, பெண்கள் விஷயத்தில் ஜாக்கிரதையாக இரு, முக்கியமாக அடுத்தவர் மனைவியைத் தொடாதே என்று எச்சரித்தார். ஒரே உடம்பு, ஒரே மாற்றம்; அப்பாவுக்கு அது கொண்டாட்டம், அம்மாவுக்கு ஆபத்து. பிறகு எத்தனையோ புத்தகங்களில் அகஸ்டின் விவாதித்த விஷயம் அந்த வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

கார்த்தேஜில் என்ன நடந்தது?

மேல்படிப்புக்காக கார்த்தேஜ் போனார். இன்றைய டூனிஸுக்குப் பக்கத்தில் இருந்த துறைமுக நகரம் அது. வேலைக்காகப் பெருநகரத்துக்கு முதல்முறை வந்து இறங்கியவர்களுக்கு அந்த மனநிலை தெரியும்: யாரும் தெரியாத ஊர், கேட்க ஆளில்லாத சுதந்திரம். அங்கே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். சுமார் 372-இல் மகன் பிறந்தான். அதெயொதாத்துஸ் என்று பெயர் வைத்தார்கள். கடவுள் தந்தவன் என்று அர்த்தம்.

இது ரகசிய உறவு இல்லை. சமூக அந்தஸ்தில் குறைந்த ஒரு பெண்ணோடு முறையான திருமணம் இல்லாமல் வாழ்வதை ரோமச் சமூகம் ஏற்றுக்கொண்டிருந்தது. மனைவிக்குரிய உரிமை அவளுக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஏறத்தாழ 13 முதல் 15 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் அவளுக்கு உண்மையாக இருந்ததாக அகஸ்டினே எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு டேட்டாவைக் கவனியுங்க. தன் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் அகஸ்டின் தன் 93 நூல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபரிசீலனை செய்து, தனிப் புத்தகமே எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய பிரசங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். பழங்கால மனிதர்களில் இவ்வளவு எழுத்து கிடைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் நடுவில், தன் மகனைப் பெற்ற பெண்ணின் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை.

உடம்பே எதிரி என்று சொன்ன மதம்

19 வயதில் ரோம அறிஞர் சிசரோவின் ஒரு நூலைப் படித்து, உண்மையைத் தேட வேண்டும் என்ற வெறி வந்தது. பைபிளைத் திறந்தார். நடை முரட்டுத்தனமாகத் தெரிந்தது. பழைய ஏற்பாட்டின் முற்பிதாக்கள் பல மனைவிகளோடு வாழ்ந்த கதைகள் அவருக்கு இடித்தன. மூடி வைத்துவிட்டு, மானிக்கேய மதத்தில் சேர்ந்தார்.

மூன்றாம் நூற்றாண்டில் மெசபொத்தேமியாவில் மானி என்பவர் தொடங்கிய மதம் அது. அதன்படி, உலகம் ஒளிக்கும் இருளுக்கும் நடக்கிற போர்க்களம். உடம்பு இருளின் பக்கம். குழந்தை பெறுவது என்பது ஒளியை இன்னோர் உடம்பில் சிறை வைப்பது. மேல்நிலை உறுப்பினர்கள் துறவிகளாக வாழ்ந்தார்கள். அகஸ்டின் போன்ற கீழ்நிலை உறுப்பினர்கள் துணையோடு வாழலாம். ஆனால் கருத்தரிக்கும் நாட்களைக் கணக்கிட்டுத் தவிர்க்கச் சொன்னார்கள். அத்தனை ஆண்டு உறவில் அவருக்கு ஒரே குழந்தை என்பதை வரலாற்றாசிரியர்கள் இதோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மதத்தின் மேல் நம்பிக்கை போனது. ஆனால் அது அவர் மனதை விட்டு முழுதாகப் போனதா என்ற சந்தேகத்தை, கடைசிவரை அவருடைய எதிரிகள் விடவே இல்லை.

கரியருக்காகக் கொடுத்த விலை என்ன?

383-இல் ரோமுக்குப் போனார். அடுத்த ஆண்டே மிலானில் பேச்சுக்கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மிலான் அப்போது பேரரசரின் அரண்மனை இருந்த நகரம். அடுத்த புரமோஷன் ஒரு மாகாண ஆளுநர் பதவியாகக்கூட இருக்கலாம். அதற்குப் பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் பெண் எடுக்க வேண்டும். மிலானுக்கு வந்து சேர்ந்த மோனிக்கா வரன் பார்த்தார். பேசி முடித்த பெண்ணுக்குச் சட்டப்படி திருமண வயதான 12 ஆக இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆமாம், அது ஒரு சின்னக் குழந்தை. அன்றைய ரோம மேல்தட்டில் அது வழக்கமாக இருந்தது.

இந்தச் சம்பந்தத்துக்கு இடைஞ்சல், கூடவே வாழ்ந்துகொண்டிருந்த பெண். அவளை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இனி வேறு எந்த ஆணோடும் வாழ மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு, மகனை அப்பாவிடம் விட்டுவிட்டு அவள் கப்பல் ஏறினாள். தன் இதயம் கிழிந்து ரத்தம் வடிந்ததாக அகஸ்டின் எழுதுகிறார். அதே பக்கத்தில், இரண்டு ஆண்டு காத்திருக்க முடியாமல் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதையும் எழுதுகிறார். தன்னைக் காதலன் என்று சொல்லிக்கொள்ளாமல், இச்சைக்கு அடிமை என்று அவர் சொல்லிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தோட்டத்தில் என்ன மாறியது?

மிலானில் அம்புரோஸ் என்ற ஆயரின் பிரசங்கங்களைக் கேட்கப் போனார். முதலில் பேச்சு நடைக்காகத்தான். பிறகு உள்ளடக்கம் பிடித்தது. தன்னை உறுத்திய பழைய ஏற்பாட்டுக் கதைகளுக்குள் இன்னோர் ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று அம்புரோஸ் காட்டினார். புத்தி ஒத்துக்கொண்டது. ஆனால் வாழ்க்கையை மாற்ற முடியவில்லை. இளவயதிலேயே கற்பைக் கேட்டு ஜெபித்திருந்தார், கூடவே அதை இப்போதே தந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் என்று புரண்டு படுக்கும் தூக்கக்காரனோடு அவர் தன்னை ஒப்பிடுகிறார். காலையில் அலாரத்தை ஸ்னூஸில் போடுகிற யாருக்கும் இது புரியும். இதில் அவர் கண்டுபிடித்தது இதுதான்: கையை அசை என்று மனம் சொன்னால் கை உடனே அசைகிறது. மனமே மனதுக்குக் கட்டளையிட்டால் மட்டும் நடக்கமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் நோய் உடம்பில் இல்லை, நம் விருப்பத்துக்குள்ளேயே இருக்கிறது. மானிக்கேயர்களை விட்டு அவர் உண்மையிலேயே விலகிய இடம் இது.

386 ஆகஸ்டில், ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படிக்கச் சொல்வது போல ஒரு குழந்தைக் குரல் கேட்டது. கையில் கிடைத்த பவுலின் ரோமர் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட வரிகள் குடியையும் காமக் களியாட்டத்தையும் விட்டுவிட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லின. அதோடு நிச்சயித்த கல்யாணம், பேராசிரியர் வேலை இரண்டையும் விட்டார். 387 ஈஸ்டர் இரவில் மகனோடு சேர்ந்து அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு மோனிக்கா இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் மகனும் போய்விட்டான். அவனுக்கு 17 வயதிருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவராக மாறுவதற்குத் துறவியாக வேண்டும் என்று எந்த விதியும் அப்போது இல்லை. திருமணமானவர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அகஸ்டினுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. அவருடைய சொந்தத் தீர்வு, பின்னால் பலருக்கு ஒரு அளவுகோலாக மாறியது.

பைபிளில் இருக்கும் காதல் பாட்டை என்ன செய்வது?

பைபிளுக்குள்ளேயே ஒரு காதல் கவிதை இருக்கிறது. தமிழ்ப் பைபிளில் அதை 'உன்னதப்பாட்டு' என்று தேடினால் கிடைக்கும். புதிய பொது மொழிபெயர்ப்பில் 'இனிமைமிகு பாடல்'. எட்டு அதிகாரங்கள். ஒரு பெண்ணும் ஆணும் ஒருவர் உடம்பை ஒருவர் தலைமுதல் கால்வரை வர்ணிக்கிறார்கள். முத்தம், மார்பு, வாசனைத் தைலம், இரவில் தேடி அலைவது என்று எல்லாம் வரும். கடவுளைப் பற்றிய நேரடிப் பேச்சைத்தான் காண முடியாது.

சங்கடமான இந்தப் புத்தகத்தைப் பைபிளை விட்டு நீக்குவதற்குப் பதிலாக, யூத அறிஞர்கள் அதைக் கடவுளுக்கும் இஸ்ரவேல் மக்களுக்கும் இடையேயான காதலாகப் படித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும், கிறிஸ்துவுக்கும் மனித ஆன்மாவுக்கும் இடையேயான காதலாக விளக்கி 10 புத்தகங்கள் எழுதினார். அம்புரோஸும் இதே வழிதான்.

அகஸ்டினும் அந்த வழியில் போனார். ஆனால் ஓர் இடத்தில் நேர்மையாக நிற்கிறார். அந்தப் பாடலில் காதலியின் பற்கள், மயிர் கத்தரிக்கப்பட்டுக் குளித்துக் கரையேறும் ஆட்டு மந்தைக்கு ஒப்பிடப்படுகின்றன. பற்கள் என்றால் புனிதர்கள். மக்களைத் தவறுகளிலிருந்து கடித்துப் பிரித்துத் திருச்சபையின் உடலுக்குள் சேர்ப்பவர்கள் என்று அவர் விளக்கம் தருகிறார். பிறகு, இதே கருத்தைச் சாதாரணமாகச் சொன்னால் வராத இன்பம் இந்த உருவகத்தில் கேட்கும்போது ஏன் வருகிறது என்பது தனக்கே சொல்லத் தெரியவில்லை என்கிறார். புலன் இன்பத்தைச் சந்தேகிப்பவர் அதன் இழுப்பை மறைக்கவில்லை.

அவருடைய தன்வரலாறான 'கன்ஃபெஷன்ஸ்' நூலிலும் இதைப் பார்க்கலாம். சுமார் 397-இல் எழுதத் தொடங்கியது, 13 புத்தகங்கள். அதில் கடவுளோடு பேசும்போது அவர் பயன்படுத்துவது காதலர்களின் பாஷை: குரல், ஒளி, வாசனை, சுவை, தொடுகை, ஏக்கம். ஆசை அழியவில்லை, திசைதான் திரும்பியிருக்கிறது. அதே நூலில், ஆயராகிவிட்ட தனக்கு உறக்கத்தில் இன்னும் பழைய காமக் காட்சிகள் வருவதாகவும் வெளிப்படையாக எழுதுகிறார். நாற்பதைத் தாண்டிய, பதவியில் இருக்கும் ஒரு மதத்தலைவர் இதைத் தன் பெயர் போட்டு எழுதியிருக்கிறார் என்பதை நினைச்சுப் பாருங்க.

எண்ணம் எப்போது பாவமாகிறது?

ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பவன் மனதளவில் தவறு செய்துவிட்டான் என்று மலைப் பிரசங்கத்தில் இயேசு போதித்ததாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அப்படியென்றால் மனதில் தோன்றும் எல்லாமே பாவமா? அகஸ்டின் இதை மூன்று படியாகப் பிரித்தார்:

- முதல் படி, தூண்டல். கண்ணில் ஒன்று படுகிறது, நினைவில் ஒன்று வருகிறது.
- இரண்டாவது, ருசி. மனம் அதில் ஓர் இன்பத்தை உணர்கிறது.
- மூன்றாவது, சம்மதம். சரி, இதை வைத்துக்கொள்கிறேன் என்று விருப்பம் தலையசைக்கிறது.

பாவம் முழுமையாவது மூன்றாம் படியில். உங்கள் ஃபீடில் அல்காரிதம் எதைக் கொண்டுவந்து போடுகிறது என்பது முதல் படி. அங்கே விரல் நிற்பது, பிறகு தேடிப்போவது எல்லாம் அடுத்தவை. கிறிஸ்தவ ஆலோசகர்கள் இன்றும் சோதனை வேறு, பாவம் வேறு என்று பிரித்துப் பேசுவதற்குப் பின்னால் இந்த மாதிரிச் சிந்தனைதான் இருக்கிறது.

கல்யாணம் பற்றி அவர் சொன்னது என்ன?

அப்போது கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. திருமணமும் துறவும் சமம் என்று ஜோவினியன் என்பவர் போதித்தார். 393 வாக்கில் அவர் கண்டிக்கப்பட்டார். அவருக்குப் பதில் எழுதிய ஜெரோம், திருமணத்தை மிகவும் மட்டம் தட்டிவிட்டதால் அவருடைய நண்பர்களே நெளிந்தார்கள்.

அகஸ்டின் நடுவழி எடுத்தார். துறவு உயர்ந்தது, ஆனால் திருமணம் நல்லது. அதற்குக் குழந்தைகள், நம்பகத்தன்மை, பிரிக்க முடியாத புனிதப் பிணைப்பு என்று மூன்று நன்மைகளைச் சொன்னார். குழந்தை நோக்கம் இல்லாமல் தம்பதிகள் சேர்வது மன்னிக்கத்தக்க சின்னக் குறை. இன்பம் மட்டுமே ஒரு நன்மை என்று அவர் பட்டியலில் நான்காவது வரி இல்லை.

410: அவர் சிந்தனை யாரைக் காப்பாற்றியது?

410-இல் விசிகோத் படைகள் ரோமைச் சூறையாடின. கிறிஸ்தவக் கன்னித் துறவிகள் உட்படப் பல பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். மானம் போனதால் உயிரை விட்ட லுக்ரீசியாவைத்தான் ரோமக் கலாசாரம் முன்மாதிரியாகக் கொண்டாடியது. அப்போது ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின், 'கடவுளின் நகரம்' என்ற தன் பெரிய நூலின் தொடக்கத்திலேயே இதை எடுத்தார்.

அவர் வாதம் தெளிவானது. கற்பு இருப்பது விருப்பத்தில். சம்மதம் இல்லாதபோது, உடம்புக்கு என்ன நடந்திருந்தாலும் அந்தப் பெண் எதையும் இழக்கவில்லை. குற்றம் செய்தவனுடையது. அவள் சாக வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் காலத்துக்கு இது மிகத் துணிச்சலான பேச்சு. அதே இடத்தில், சிலருக்குள் ஒளிந்திருந்த கர்வம் திருத்தப்பட்டிருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். இன்று படிக்கும்போது அது உறுத்தும்.

ஜூலியன் கேட்ட கேள்வி

இச்சை விருப்பத்தின் நோய் என்றால், அந்த நோய் எங்கிருந்து வந்தது? ஆதாம் ஏவாளிடமிருந்து என்றார் அகஸ்டின். ஏதேன் தோட்டத்திலும் உடலுறவு இருந்திருக்க முடியும், ஆனால் கை அசைவது போல முழுக்க விருப்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்திருக்கும் என்று வாதிட்டார். காதை அசைக்கத் தெரிந்த மனிதர்கள் இல்லையா என்று உதாரணம் வேறு. முதல் கீழ்ப்படியாமைக்குத் தண்டனையாக, உடம்பு மனிதனுக்குக் கீழ்ப்படிவதை நிறுத்திவிட்டது. வேண்டாத நேரத்தில் எழுச்சி வருகிறது, வேண்டும் நேரத்தில் வருவதில்லை. அதற்காகத்தான் வெட்கம் என்றார்.

இதிலிருந்து அவர் அடுத்த அடி வைத்தார். ஒவ்வொரு குழந்தையும் இச்சையின் வழியாகவே கருவாவதால், ஆதிப்பாவத்தோடுதான் பிறக்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் பச்சைக் குழந்தைக்கும், மிக லேசானதுதான் என்றாலும், தண்டனை உண்டு. இதற்கு அவர் ஆதாரமாக எடுத்த ரோமர் நிருப வசனத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பு, மனிதர் எல்லோருமே ஆதாமுக்குள் பாவம் செய்தார்கள் என்று படிக்க இடம் கொடுத்தது. கிரேக்க மூலம், எல்லோரும் பாவம் செய்ததால் என்ற பொருளைத் தருவதாகவே பல அறிஞர்கள் இன்று சொல்கிறார்கள். அகஸ்டினுக்குக் கிரேக்கம் சரளமாக வராது.

எதிர்த்து நின்றவர் எக்லானும் ஊர் ஆயர் ஜூலியன். அகஸ்டினுக்குப் பழக்கமான ஓர் ஆயரின் மகன், திருமணம் செய்தவர், வயதில் அகஸ்டினுக்கு மகன் மாதிரி. அவர் வாதம்: காம உணர்வு பசி போல இயல்பானது, கடவுள் படைத்தது, அளவு மீறுவதுதான் தவறு. பிறந்த குழந்தையைத் தண்டிக்கிறவர் நீதியுள்ள கடவுளாக எப்படி இருப்பார்? நீங்கள் இன்னும் மானிக்கேயராகத்தான் இருக்கிறீர்கள் என்பதுதான் அகஸ்டின் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டு. 418-க்குப் பிறகு ஜூலியன் பதவியிழந்து நாடு கடத்தப்பட்டார். விவாதம் முடிந்தது பதவிப் பறிப்பில். கேள்வி முடியவில்லை.

கடைசி நாட்கள்

ஹிப்போவில் அகஸ்டின் தன் வீட்டுக்குள் எந்தப் பெண்ணையும் தங்கவிட்டதில்லை, சொந்தச் சகோதரியைக்கூட. 430-இல் வாண்டல் படைகள் நகரை முற்றுகையிட்டிருந்தன. காய்ச்சலில் படுத்தவர், மனம் வருந்தும் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, அவற்றைப் படித்து அழுதபடி இருந்தார். ஆகஸ்ட் 28-ஆம் தேதி, 75-ஆம் வயதில் இறந்தார். ஜூலியனுக்கு எழுதிக்கொண்டிருந்த கடைசிப் பதில் பாதியில் நின்றது.

இன்று இதில் உங்களுக்கு என்ன?

அகஸ்டினுக்குப் பிறகும் கிறிஸ்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள், பரம்பரைக் குற்றம் என்ற கருத்தை அவர் சொன்ன வடிவில் ஏற்கவில்லை. அவர் பெயரிலான துறவற சபையிலிருந்து வந்த மார்ட்டின் லூதர், 1525-இல் ஒரு முன்னாள் கன்னியாஸ்திரியைத் திருமணம் செய்தார். ஆனாலும் உள்ளே இருக்கும் தீய நாட்டமே பாவம் என்பதில் லூதரன் சபை அகஸ்டினைவிடக் கறாராக நின்றது. கத்தோலிக்கத் திருச்சபையோ 1546-இல், டிரென்ட் பொதுச்சங்கத்தில், ஞானஸ்நானம் பெற்றவரிடம் மிஞ்சியிருக்கும் அந்த நாட்டம் தன்னளவில் பாவம் அல்ல என்று முடிவு செய்தது.

ஆகவே 'காமம் பாவம்' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், எதைச் சொல்கிறார் என்று கேளுங்க. உடம்பையா, மனதில் தோன்றியதையா, அல்லது நீங்கள் கொடுத்த சம்மதத்தையா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அகஸ்டின்தான். சம்மதமே அளவுகோல் என்று ரோமின் பெண்களுக்காக நின்றவரும் அவர்தான். சம்மதிக்கவே தெரியாத குழந்தையின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றியவரும் அவர்தான்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். 385-இல் மிலானிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிய பெண்ணுக்கு நடந்ததை எதில் சேர்ப்பது? அகஸ்டின் தன் கணக்கில் எழுதிக்கொண்ட பாவம் இச்சை. பதவிக்காக ஒருத்தியை அனுப்பிவிட்டதை 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் தனியாக ஒரு பாவமாக அவர் பெயரிடவில்லை.